கதான்ஸ்க் நகருக்குக் குறுகிய பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில், விஸ்துலா ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே உள்ள பழம்பெரும் துறைமுக நகரம் கதான்ஸ்க். ஜெர்மானியர்கள் இதை டான்சிக் என்று அழைத்தார்கள். வரலாற்று நூல்களில் இரண்டு பெயர்களும் வரும். இரண்டு அல்லது மூன்று நாள் மட்டுமே ஒதுக்க முடிந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

பால்டிக் கரையில் இத்தனை நகரங்கள் இருக்க, கதான்ஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

தாலின், ரீகா, லூபெக் ஆகிய மூன்றும் அழகான நகரங்கள்தாம். ஆனால் இடைக்கால வணிகத்தின் செழிப்பையும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரும் திருப்பங்களையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்திற்குள் வைத்திருக்கும் நகரம் கதான்ஸ்க். 1361இல் ஹான்சா எனப்படும் வடகடல் வணிகர் கூட்டமைப்பில் சேர்ந்த இந்த நகரம், 1454 முதல் போலந்து அரசரின் ஆளுகையில் இருந்துகொண்டே தனக்கென விரிந்த உரிமைகளையும் வைத்திருந்தது. போலந்தின் வயல்களில் விளைந்த கோதுமையும் கம்பும் விஸ்துலா வழியாகப் படகுகளில் வந்து, இங்கிருந்துதான் ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறின. 1793இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் போன நகரம், முதல் உலகப் போருக்குப் பின் 1920 முதல் 1939 வரை, ஜெர்மனிக்கும் சேராமல் போலந்துக்கும் சேராமல், சுதந்திர நகரமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முதல் குண்டுகள் விழுந்த இடங்களில் ஒன்று இந்த நகரம். கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிச ஆட்சிகளை ஆட்டம் காண வைத்த தொழிலாளர் இயக்கம் பிறந்ததும் இதே நகரத்தில்தான்.

ஆகவே ஆற்றங்கரையின் வண்ண வீடுகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கப்பல் கட்டும் தளத்திற்குப் போகாதவர் இந்த நகரத்தில் பாதியைத்தான் பார்த்தவர்.

எத்தனை நாள் போதும்?

நகரத்திற்கு மட்டும் என்றால் முழுதாக இரண்டு நாள். மால்போர்க் கோட்டையையும் கடற்கரை ஊரான சோபோத்தையும் சேர்த்துக்கொள்வதானால் மூன்று அல்லது நான்கு நாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதைவிட, முதல் நாளைப் பழைய நகரத்திற்கும் இரண்டாம் நாளைக் கப்பல் தளத்திற்கும் ஏதேனும் ஒரு போர் நினைவிடத்திற்கும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இங்குள்ள அருங்காட்சியகங்கள் பெரியவை; அவசர நடையில் பார்த்தால் கால் வலிதான் மிஞ்சும்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால், குறுகிய பயணத்திலும் நீண்ட நாள்கள் கையில் கிடைக்கும். கோடையிலும் கடற்காற்று குளிரும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கான மேலங்கியும் அவசியம். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வெப்பம் உறைநிலையை ஒட்டியே நிற்கும். கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அந்தக் காலமும் குறையில்லை.

ஜூலை கடைசியில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும் புனித தோமினிக் திருவிழாச் சந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1260இல் திருத்தந்தையின் அனுமதியோடு தொடங்கிய சந்தை என்பதால் அதற்கு ஏழரை நூற்றாண்டுக்கு மேல் வயது. பழம்பொருள்கள், கைவினைப் பொருள்கள், உணவு என்று தெருக்கள் நிரம்பிவிடும். கூட்டத்தை விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அமைதியாகக் கட்டடங்களைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த மூன்று வாரத்தைத் தவிர்க்கலாம். அறை வாடகையும் அப்போது ஏறியிருக்கும்.

விசா தேவையா? அங்கே போய்ச் சேர்வது எப்படி?

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவான ஷெங்கனில் போலந்தும் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிப்பது கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட உரிமை பெற்று வாழும் தமிழர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டனில் வாழ்ந்தாலும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருப்பவர்கள் விசா எடுத்துத்தான் ஆக வேண்டும்.

லண்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவிய, ஜெர்மானிய நகரங்கள் பலவற்றிலிருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன. தொழிற்சங்கத் தலைவராக இருந்து குடியரசுத் தலைவரான லெக் வலேசாவின் பெயரைத் தாங்கிய விமான நிலையத்திலிருந்து 210ஆம் எண் பேருந்தில் ஏறினால் நகர மையத்திற்கு வந்துவிடலாம். ரயிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் வழியில் விஷெஷ்ச் நிலையத்தில் மாற வேண்டியிருக்கும். வார்சாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுவீடனிலிருந்து வருபவர்கள் இரவுக் கப்பலில் வரலாம். துறைமுக நகரத்திற்குக் கடல் வழியாக வந்து சேர்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

எந்தப் பகுதியில் தங்குவது?

சுற்றுலாப் பயணிகள் பொதுவாகப் ‘பழைய நகரம்’ என்று சொல்லும் பகுதிக்கு உள்ளூர்க்காரர்கள் வழங்கும் பெயர் ‘முதன்மை நகரம்’. நெடுந்தெருவும் மொத்வாவா ஆற்றங்கரையும் இதற்குள் அடங்கும். இங்கோ, ஆற்றுக்கு எதிரே உள்ள களஞ்சியத் தீவிலோ தங்கினால் எல்லா இடத்திற்கும் நடந்தே போகலாம். கோடையில் ஆற்றங்கரையை ஒட்டிய அறைகளில் இரவு நெடுநேரம் சத்தம் கேட்கும் என்பதால், இரண்டு தெரு உள்ளே தள்ளி அறை பார்ப்பது நல்லது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் விஷெஷ்ச் பகுதியில் தங்கலாம். உள்ளூர் ரயிலில் மையத்திற்குச் சில நிமிடங்களே ஆகும்.

பழைய நகரம் உண்மையிலேயே பழையதா?

பெரும்பகுதி பழையது அல்ல. இந்த நகரத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

1945 மார்ச்சில் சோவியத் படைகள் நகரத்தைக் கைப்பற்றியபோது நடந்த சண்டையிலும், அதைத் தொடர்ந்த தீயிலும், வரலாற்று மையத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அங்கு வாழ்ந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலானவர்கள் போர் முடியும் வேளையில் தப்பியோடினார்கள் அல்லது அதன்பின் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய இடத்தில், போலந்தின் நடுப்பகுதியிலிருந்தும், சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டுவிட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்தும் தங்கள் வீடுகளை இழந்த போலந்து மக்கள் வந்து குடியேறினார்கள். இடிபாடுகளை அப்படியே விட்டுவிட்டுப் புதிய நகரம் கட்டலாம் என்ற யோசனையும் இருந்தது. இறுதியில் பழைய தெருக்களை மீட்டெடுப்பது என்று முடிவாகி, 1950களிலும் 60களிலும் வீட்டு முகப்புகள் பழைய படங்களையும் ஓவியங்களையும் பார்த்து மீண்டும் எழுப்பப்பட்டன. பிரஷ்ய ஆட்சி தொடங்குவதற்கு முந்தைய தோற்றமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் சேர்த்த பல அம்சங்கள் வேண்டுமென்றே விடப்பட்டன.

இதை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. நெடுந்தெருவில் ஏதேனும் ஒரு வளைவு வழியாக உள்ளே நுழைந்து வீடுகளின் பின்பக்கத்திற்கு வாருங்கள். முன்புறம் சிற்பங்களும் பொன்பூச்சும் கொண்ட குறுகிய வணிகர் மாளிகைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். பின்புறத்திலோ எளிய பூச்சுச் சுவர், ஒரே அளவிலான ஜன்னல்கள், புல்தரை, மரங்கள், துணி காயும் பால்கனிகள். போருக்கு முன் அந்த இடத்தை நெருக்கி அடைத்திருந்த பின்கட்டுகள் திரும்பக் கட்டப்படவில்லை. தொழிலாளர் குடும்பங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள குடியிருப்புகள் தேவைப்பட்டன. வணிகர் முகப்புக்குப் பின்னே அவைதான் அமைந்தன.

சிலர் இதைக் கேட்டதும் ‘அப்படியானால் எல்லாம் நகல்தானா’ என்று ஏமாற்றம் அடைகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தாங்கள் பிறக்காத, தங்கள் முன்னோர் வாழாத ஒரு நகரத்தை, வீடிழந்து வந்த மக்கள் கல் கல்லாக எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் தப்பிப் பிழைத்த எத்தனையோ பழைய தெருக்களைவிட இந்தத் தெரு மதிப்பில் குறைந்ததல்ல.

முதல் நாள் நடையை எங்கே தொடங்குவது?

1612 முதல் 1614 வரை கட்டப்பட்ட பொன் வாயிலில் தொடங்கி, நெடுந்தெரு வழியாக நெடுஞ்சந்தைக்கு வந்து, பச்சை வாயிலைக் கடந்து ஆற்றங்கரையை அடையுங்கள். போலந்து அரசர்கள் நகரத்திற்கு வரும்போது ஊர்வலமாக வந்த வழி இது. வழியில் முதன்மை நகர மன்றத்தின் கோபுர உச்சியில் இரண்டாம் சிகிஸ்முண்ட் அரசரின் பொன் முலாம் பூசிய சிலை தெரியும். வணிகர் சங்கங்கள் கூடிய ஆர்டஸ் மன்றத்தின் முன்னே, 1633இல் நிறுவப்பட்ட நெப்டியூன் நீரூற்று நிற்கிறது. கடலால் வாழ்ந்த நகரம் கடல் தெய்வத்தைத் தன் சந்தையின் நடுவில் வைத்ததில் வியப்பில்லை. காலை எட்டு மணிக்கு முன் வந்தால் இந்தச் சதுக்கம் ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம். பத்து மணிக்குப் பின் குழுக்களின் கொடிகளுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது புனித மரியாள் பேராலயம். 1343இல் தொடங்கிய கட்டுமானம் 1502இல்தான் முடிந்தது. உலகின் மிகப் பெரிய செங்கல் தேவாலயங்களில் ஒன்று. நீளம் 105 மீட்டர். வெளியே செந்நிறம், உள்ளே வெள்ளை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹான்ஸ் தியூரிங்கர் செய்த வானியல் கடிகாரம் இங்கே இருக்கிறது. நேரத்தோடு தேதியையும் நிலவின் பிறைகளையும் காட்டுவது அது. கோபுரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். மூட்டு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். ஏற முடிந்தவர்களுக்கு ஒருபுறம் கூரைகளும் மறுபுறம் கப்பல் தளத்தின் பாரந்தூக்கிகளும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

பேராலயத்தின் பின்னாலிருந்து ஆற்றுக்கு இறங்கும் மரியாட்ஸ்கா தெருவை மெதுவாக நடங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் படிக்கட்டோடு உயர்த்திக் கட்டிய கல்மேடை உண்டு; நம் ஊர்த் திண்ணையைப் போல, வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உட்கார்ந்து பேச ஓர் இடம். மேடைகளின் ஓரத்தில் மழைநீரைத் தெருவில் கொட்டும் கல் விலங்குத் தலைகளைக் கவனியுங்கள். மழை நாளில் இந்தத் தெருவுக்கு வந்தால் அவற்றின் வாய் வழியாகத் தண்ணீர் கொட்டுவதையும் பார்க்கலாம்.

ஆற்றங்கரையில் தெரியும் பெரிய கறுத்த மரக்கட்டடம் என்ன?

அதுதான் ‘ஷுராவ்’ என்று அழைக்கப்படும் துறைமுகப் பாரந்தூக்கி. 1442 முதல் 1444 வரை கட்டப்பட்ட இது, இரண்டு செங்கல் கோபுரங்களுக்கு நடுவில் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மர அமைப்பு. நகரத்தின் நுழைவாயில்களில் ஒன்றாகவும் பயன்பட்டது. 1945 தீயில் மரப்பகுதி எரிந்துபோக, போருக்குப் பின் மீண்டும் அமைத்தார்கள். அண்மையில் நடந்த பெரிய புதுப்பிப்புக்குப் பின் 2024இல் அருங்காட்சியகமாக மீண்டும் திறக்கப்பட்டது.

உள்ளே சென்றால் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய மரச் சக்கரங்களைப் பார்க்கலாம். ஆட்கள் சக்கரத்தின் உள்ளே நின்று நடப்பார்கள். சக்கரம் சுழலச் சுழல, அதன் அச்சில் கயிறு சுற்றிக்கொண்டு சரக்கு மேலே எழும். இப்படி நான்கு டன் வரை 11 மீட்டர் உயரத்திற்கும், இரண்டு டன் வரை 27 மீட்டர் உயரத்திற்கும் தூக்கினார்கள். சரக்கு இறக்குவதோடு கப்பலில் பாய்மரத்தைத் தூக்கி நட்டு நிறுத்தவும் இது பயன்பட்டது. அந்தச் சக்கரத்துக்குள் நாள் முழுதும் நடந்தவர்களுடைய பெயர் எதுவும் நகரத்தின் கல்வெட்டுகளில் இல்லை. வணிகர் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தச் சக்கரத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எதிர்க்கரையில் நங்கூரமிட்டிருக்கும் ‘சோல்டெக்’, போருக்குப் பின் போலந்தில் கட்டப்பட்ட முதல் கடற்கப்பல். 1948இல் நீரில் இறக்கப்பட்டது. இயந்திர அறைவரை இறங்கிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

கப்பல் கட்டும் தளத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஒரு சதுக்கம். அதில் 42 மீட்டர் உயரமுள்ள மூன்று எஃகுச் சிலுவைகள், அவற்றில் நங்கூரங்கள். 1970 டிசம்பரில் உணவு விலை உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளர்களை அரசு சுட்டது. பால்டிக் கரையோர நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1980 டிசம்பரில்தான் எழுப்பப்பட்டது. கம்யூனிச அரசு ஆட்சியில் இருக்கும்போதே, அந்த அரசு கொன்றவர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்க அந்த அரசிடமே தொழிலாளர்கள் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள்.

அந்த ஒப்புதல் வந்த கதை 1980 ஆகஸ்டில் தொடங்குகிறது. பாரந்தூக்கி இயக்குநராக வேலை பார்த்த அன்னா வலெந்தினோவிச், ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கையில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கோரி ஆகஸ்ட் 14 அன்று, அப்போது லெனினின் பெயரைத் தாங்கியிருந்த இந்தக் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னரே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்த மின்பணியாளர் லெக் வலேசா தலைமை ஏற்றார். இரண்டு நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலைநிறுத்தம் முடிந்ததாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்குள் மற்ற ஆலைகளிலும் வேலைநிறுத்தம் பரவியிருந்தது. பெரிய தளம் விலகிக்கொண்டால் சிறிய ஆலைகளின் ஆட்கள் தனித்து நசுக்கப்படுவார்கள் என்பதை உணர்ந்த டிராம் ஓட்டுநர் ஹென்றிகா க்ஷிவோனோஸ், செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்கா, அன்னா வலெந்தினோவிச் ஆகிய பெண்கள், வீட்டுக்குக் கிளம்பிய தொழிலாளர்களை வாயிலில் மறித்து நிறுத்தினார்கள். அன்று அவர்கள் மறிக்காமல் இருந்திருந்தால் பிறகு நடந்தது எதுவும் அப்படி நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு மரப்பலகைகளில் கையால் எழுதிய 21 கோரிக்கைகள் இரண்டாம் எண் வாயிலில் தொங்கவிடப்பட்டன. முதல் கோரிக்கை, கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத சுதந்திரத் தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31 அன்று அரசு கையொப்பமிட்டது. பிறந்த தொழிற்சங்கத்தின் பெயர் சொலிதார்னோஷ்ச், அதாவது ஒருமைப்பாடு; அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு கோடியைத் தொட்டது. 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்து சங்கம் ஒடுக்கப்பட்டாலும், 1989இல் பேச்சுவார்த்தை மேசையில் அரசு அதே மனிதர்களின் எதிரில்தான் உட்கார வேண்டியிருந்தது. வலேசா 1983இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, 1990இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

அந்தப் பலகைகள் 2003இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்க்கப்பட்டன. சதுக்கத்தின் ஓரத்தில், துருப்பிடித்த கப்பலின் உடலைப் போலவே எஃகால் போர்த்திக் கட்டப்பட்டு 2014இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய ஒருமைப்பாட்டு மையத்தில் அவற்றைக் காணலாம். நிரந்தரக் காட்சியின் முதல் கூடத்தில் மேல்தளம் முழுதும் தொழிலாளர்களின் மஞ்சள் தலைக்கவசங்கள் தொங்குகின்றன. ஒலிவழிகாட்டியை வாங்கிக்கொண்டு குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் குறைந்து ஒரே ஒரு அருங்காட்சியகத்தைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால், தயங்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள்.

போர் தொடர்பான இடங்களில் எதற்கு முதலிடம்?

1939 செப்டம்பர் 1 அதிகாலையில் ‘ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வெஸ்டர்பிளாட்டே முனையில் இருந்த போலந்துக் காவல் படைமீது குண்டு பொழிந்தது. இருநூறு பேர் அளவிலான அந்தச் சிறு படை ஏழு நாள் தாக்குப்பிடித்தது. இன்று அங்கே இடிந்த படைக்குடியிருப்பும் 25 மீட்டர் உயர நினைவுத் தூணும் உள்ளன. கோடையில் ஆற்றங்கரையிலிருந்து படகில் போவது சிறப்பு: பழைய நகரம், கப்பல் தளம், துறைமுகம் என்று நகரத்தின் மொத்த வாழ்வும் வழியில் விரியும்.

அதே நாளில் நகரத்திற்குள் போலந்து அஞ்சலகத்தின் ஊழியர்கள் ஆயுதமேந்திக் கட்டடத்தைப் பாதுகாத்து, மாலையில் தீ வைக்கப்பட்ட பின்னரே சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அஞ்சலகத்தின் முன்னே நினைவுச் சின்னம் இருக்கிறது. மையத்திலிருந்து நடந்தே போகலாம்.

அருகிலேயே 2017இல் திறக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம், சாய்ந்த கோபுரம் போன்ற கட்டடத்தில் உள்ளது. முதன்மைக் காட்சி நிலத்துக்கு 14 மீட்டர் கீழே. போர்த் தளபதிகளைவிடச் சாதாரண மக்கள் பட்ட பாடுகளுக்கு அதிக இடம் தரும் காட்சி. மூன்று மணி நேரமாவது ஆகும். ஒருமைப்பாட்டு மையத்தையும் இதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், மனம் தாங்காது.

ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏதேனும் உண்டா?

பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் மெம்லிங் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ இருக்கிறது. புரூஜ் நகரில் இருந்த ஓர் இத்தாலிய வங்கி முகவர் வரையச் சொன்ன, மூன்று பலகைகளால் ஆன இந்த ஓவியம், 1473இல் இத்தாலிக்குக் கப்பலில் போகும் வழியில், கதான்ஸ்க்கைச் சேர்ந்த எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அனுமதி பெற்ற பவுல் பெனெக்கே என்ற கப்பல் தலைவரால் கைப்பற்றப்பட்டது. உரியவர்கள் திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. மரியாள் பேராலயத்தில் வைக்கப்பட்டது. நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்கும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் லெனின்கிராடுக்கும் போய், 1956இல் திரும்பி வந்தது. பேராலயத்தில் இப்போது இருப்பது நகல்.

அம்பர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பொறுமையாக. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரங்களில் வடிந்த பிசின் இறுகி உருவான அம்பருக்குப் பால்டிக் கரையே உலகப் புகழ் பெற்றது. பதினான்காம் நூற்றாண்டின் பெரிய மாவு ஆலையில் இப்போது அம்பர் அருங்காட்சியகம் இயங்குகிறது. முதலில் அங்கே போய், பூச்சிகள் சிக்கிய துண்டுகள் முதல் பால்வெள்ளை, தேன் நிறம், பச்சை கலந்த வகைகள்வரை எல்லாவற்றையும் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். உண்மையான அம்பர் கையில் எடை குறைந்ததாகவும் சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும், கண்ணாடி குளிரும். உப்பு நன்றாகக் கரைத்த தண்ணீரில் அம்பர் மிதக்கும், பிளாஸ்டிக் வகைகளில் பல மூழ்கும். ஆனால் அம்பர்த் துகள்களை அழுத்திச் செய்த துண்டையும், இன்னும் முழுதாக இறுகாத இளம்பிசினையும் இந்தச் சோதனையால் பிரித்தறிய முடியாது. ஆகவே விலை உயர்ந்த பொருளைத் தெருவோரத் தட்டில் வாங்காமல், எழுத்தில் சான்று தரும் கடையில் வாங்குங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ‘பார் மிலெச்னே’ எனப்படும் பால் உணவகங்களைத் தேடுங்கள். குறைந்த விலையில் வீட்டுச் சமையல் பரிமாறும் இடங்கள் இவை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து வேகவைத்த ‘பியெரோகி ருஸ்கியே’, உருளைக்கிழங்கு அடை, இனிப்புப் பாலாடைக்கட்டி மடித்த மெல்லிய அப்பம் ஆகியவை வயிற்றை நிரப்பும். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள்: சைவப் பூரணம் வைத்த பியெரோகியின் மேலும் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொன்னால் அதில்லாமல் தருவார்கள். சூப்புகள் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படுபவை என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்திய உணவகங்களும் மையத்தில் உண்டு. மீன் உண்பவர்களுக்குப் பால்டிக் மத்தி வகையான ஹெரிங், புளிப்புப் பாலேட்டிலோ எண்ணெயிலோ ஊறியதாகக் கிடைக்கும். கடற்கரை ஊர்களில் பொரித்த மீன் நன்றாக இருக்கும்.

பணம், கடை நேரம், பயணச்சீட்டு பற்றி?

நாணயம் ஸ்லோட்டி, யூரோ அல்ல. அட்டை ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். ஏடிஎம் இயந்திரமோ கடைக்காரரோ ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஸ்லோட்டியையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. சனி முதல் திங்கள்வரை பயணம் அமைந்தால் இதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். டிராம், பேருந்து, உள்ளூர் ரயில் ஆகியவற்றில் காகிதச் சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் அபராதம் கட்ட நேரும்.

சோபோத்துக்கும் கிதினியாவுக்கும் போக வேண்டுமா?

நேரம் இருந்தால் அரை நாள். மூன்று ஊர்களையும் ஒரே உள்ளூர் ரயில் பாதை இணைக்கிறது. சோபோத்தில் 511 மீட்டர் நீள மரப்பாலம் கடலுக்குள் நீள்கிறது, மணற்கரையும் உண்டு. கிதினியா 1926இல்தான் நகரமானது. சுதந்திர நகரமான டான்சிக்கை நம்பியிருக்க விரும்பாத போலந்து, தனக்கென ஒரு துறைமுகத்தைக் கட்டியெழுப்பியதன் விளைவு அது. போகும் வழியில் ஒலிவாவில் இறங்கினால், பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய குழலிசைக் கருவி ஒலிக்கும் பேராலயத்தைக் காணலாம். வாசிப்பின் போது கருவியின் முகப்பில் உள்ள தேவதூதர் சிலைகள் எக்காளத்தை உயர்த்தும், மணிகளை அசைக்கும். கோடையில் பகலில் குறுங்கச்சேரிகள் நடக்கும். சோபோத்தா ஒலிவாவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எனக்கு ஒலிவா.

மால்போர்க் கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

மூன்றாவது நாள் கையில் இருந்தால் கட்டாயம். ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். 1308இல் கதான்ஸ்க்கைக் கைப்பற்றிய டியூட்டானிக் வீரத்துறவிகளின் தலைமையிடம் அது. நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய கோட்டை என்று கருதப்படுகிறது, 1997 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அதுவும் 1945இல் பெருமளவு சிதைந்து மீண்டும் கட்டப்பட்டதுதான். சுற்றிப் பார்க்கக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே வாயிலுக்குள் நுழைந்துவிடாமல், முதலில் நோகாத் ஆற்றின் நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போங்கள். கோட்டையின் முழு நீளமும் அங்கிருந்துதான் கண்ணில் அடங்கும். பிற்பகல் வெயில் செங்கல்லின் மேல் விழும் நேரம் படம் எடுக்க ஏற்றது.